வெடிப் பெட்டியில் விழுந்த சீட்டு

சாம்பியன் ரீப்ஸ்
12.8.2024

தம்பி ஹரோல்டுக்கு,

அண்ணன் பர்னபாஸ் எழுதுவது. கடிதத்தின் தலையில் எழுதவேண்டிய ஸ்தோத்திர வார்த்தைகளை விட்டுவிடுகிறேன். அவை உன் தொழிலைச் சேர்ந்தவை. நானும் உன் அண்ணி பியூலாவும் இருக்கிறோம். மகள் வின்னி பெங்களூர் வேலைக்கு ரயிலில் போய்வருகிறாள். ஆடிக்காற்று இன்னும் ஓயவில்லை. தங்கச் சுரங்கம் மூடியும் கரையாத சயனைடு மேட்டு மண் சன்னல் கம்பியெல்லாம் படிந்து கிடக்கிறது. போர்ட் பிளேரில் உனக்குக் கடல்காற்று. நல்லது.

பதினோரு வருஷம் கழித்து ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். பேசினால் நீ நடுவில், ஒரு நிமிஷம் ஜெபிக்கலாமா அண்ணா என்பாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

நம் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் கிளாட்வின் உன்னிடம் வேதக்கல்லூரியில் படித்தவராம். முப்பத்திரண்டு வயது. வந்தவுடன் ஜூன் மாதத்தில் ஒரு புதுமை செய்தார். கோயில் வாசலில் ஒரு பெட்டி வைத்தார். சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்த பழைய மரப்பெட்டி. அந்த மாதிரிப் பெட்டிமேல் உட்கார்ந்துதானே நாம் இருவரும் பாடம் படித்தோம். அதில் ஏசுபாதம் மாமா ஓட்டை போட்டுக் கொடுத்தார். மணி அடிக்கும் வேலை இன்னும் பெயரளவில் அவருடையதுதான். உடம்பு முடியாமல் வீட்டோடு இருக்கிறார். விசுவாசத்திலோ வீட்டிலோ பதில் தெரியாத கேள்வி இருந்தால் பெயர் போடாமல் சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். ஞாயிறு பிரசங்கத்தில் போதகர் ஒரு சீட்டை எடுத்துப் படித்து அதைப் பற்றியே பேசுவார்.

முதலில் வந்ததெல்லாம் சில்லறைக் கேள்விகள். பக்கத்து வீட்டு ஆயுதபூஜைப் பொரியைத் தின்னலாமா? மாமியாரை மன்னிக்க எத்தனை தடவை முயன்றால் போதும்? பிறகு கனமாக வந்தன. ஏழு வருஷம் உபவாசம் இருந்தும் பிள்ளை இல்லை, இன்னும் கேட்கலாமா, கேட்டால் அடம்பிடிப்பதாகுமா என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கோயிலில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பி ஒரே பெஞ்சைப் பார்த்தார்கள். பெயர் போடாத சீட்டுக்கு இந்த ஊரில் அவ்வளவுதான் மறைவு.

ஒரு சீட்டு நான் எழுதியது. உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. "சர்ட்டிபிகேட்டில் ஒரு பெயரும் கோயிலில் ஒரு பெயருமாக இருப்பவனை நியாயத்தீர்ப்பு நாளில் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்?" எங்கள் தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்தில் தசரதன், கோயிலில் தானியேல். இந்துப் பெயருக்குக் கிடைக்கும் இடஒதுக்கீட்டுச் சலுகையில் அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாருக்கு வரவேண்டியது என்பது உனக்குத் தெரியும். இடது கையால் எழுதிப் போட்டேன். போதகர் அதைப் படித்துவிட்டு, அவனைப் பெற்றவள் எந்தப் பெயரைச் சொல்லிச் சோறூட்டினாளோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றார். பெயரை மறைத்தால்தான் பிள்ளைக்குப் படிப்பு என்ற நிலைமையை உண்டாக்கியவர்கள் முதலில் கூண்டில் ஏறட்டும், இவனை அப்புறம் விசாரிக்கலாம் என்றார். பாதிக் கோயில் கண்ணைத் துடைத்தது. ஆராதனை முடிந்ததும் தசரதன் என்னிடம் வந்து, "நல்ல கேள்வி சார். யார் கேட்டாங்களோ, எனக்கு ரொம்ப ஆறுதலாப் போச்சு" என்று கைகொடுத்தான். வாய் சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஒரு சீட்டு படிக்கப்பட்டது. வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன். "மூச்சைக் கொடுத்தவர் வாங்கிக்கொள்வதென்றால் ஒரே தடவையாக வாங்கிக்கொள்ளட்டுமே. எதற்கு இப்படித் துளித்துளியாகப் பிடுங்குகிறார்?"

முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

இது நைனாவின் கேள்வி. சாவதற்கு ஒரு மாதம் முன்பு, நெஞ்சில் சுரங்கத்துத் தூசு அடைத்து, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்த நாட்களில் என்னிடம் கேட்டது. அன்றிலிருந்து அவர் ஜெபிக்கவில்லை. இதை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன். உனக்கு. நீ வந்து சேர்ந்தாய், அவர் போனார், நீ அடக்க ஆராதனையில் ஏறி நின்று, எங்கள் தகப்பனார் கடைசி மூச்சுவரை ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனார் என்று பிரசங்கித்தாய். மாரிகுப்பத்திலிருந்தும் பாலகாட்டிலிருந்தும் வந்திருந்த ஜனம் மொத்தமும் அல்லேலூயா என்றது. இரண்டு வருஷம் அவர் எச்சில் பாத்திரத்தைக் கழுவியவன் நான். அவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதன் மூச்சைப் பிடித்துக் கேட்ட நியாயமான கேள்வியை அழித்துவிட்டு, அவரை உன் சாட்சிக்கு ஒரு உதாரணமாக ஆக்கிவிட்டாய். நைனா அண்ணன் மடியில் தலைவைத்துப் போனார் என்றும் அதே பிரசங்கத்தில் சொன்னாய். அதை நான் மறுக்கவில்லை. ஸ்தோத்திரத்தை மறுக்கிறேன். அன்றிலிருந்து உன்னோடு பேச்சில்லை. திருவிருந்தும் எடுக்கவில்லை. சனிக்கிழமை மாலை போதகரிடம் போய்ப் பெயர் கொடுத்தால்தான் மறுநாள் திருவிருந்து என்ற நம் கோயில் வழக்கம் மாறவில்லை. சுரங்கத்தில் இறங்குமுன் டோக்கன் கொடுத்த பழக்கத்தில் நம் ஜனங்கள் அதை இன்னும் டோக்கன் போடுவது என்கிறார்கள். பெயர் எழுதுமுன் போதகர் அந்த ஒரு கேள்வியைக் கேட்பார்: யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்களா? பொய் சொல்ல எனக்கு வராது. அதனால் போவதில்லை.

ஆக, அந்த வார்த்தை தெரிந்தவர்கள் பூமியில் இரண்டு பேர். நான் சீட்டுப் போடவில்லை. கிளாட்வின் உன் மாணவர். நீ அவரிடம் சொல்லி, என்னை வழிக்குக் கொண்டுவர இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. அவர் பதில் சொன்ன விதமும் அதற்குச் சாட்சி. சீட்டைப் படித்துவிட்டு மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். எனக்குத் தெரியவில்லை என்றார். கேட்டவர் கூப்பிட்டால் வந்து பக்கத்தில் உட்காருகிறேன், அதுதான் என்னால் முடியும் என்றார். பதில் தெரியாததையும் ஒரு பதிலாக விற்கிற வித்தையை இப்போது வேதக்கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள் போலும்.

இன்னொரு சாட்சி. அக்டோபர் ஆறாம் தேதி நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு உன்னைப் பிரசங்கியாராக அழைக்கவேண்டும் என்று போதகர் நேற்றிரவே கமிட்டியைக் கூட்டிப் பிடிவாதமாகச் சொல்ல, கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. செயலாளர் என்ற முறையில் அழைப்பை நான்தான் எழுதவேண்டும். எழுதி அனுப்பியதாகச் சொல்லிவிட்டேன். அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக அனுப்புவதுதான் இந்தக் கடிதம். யாராவது வேறு வழியில் கேட்டால் தோதுப்படாது என்று சொல். வராதே. நைனா சொல்லாததைச் சொன்ன அந்த மேடையில் நீ இன்னொரு தடவை ஏறுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
பர்னபாஸ்
செயலாளர், ஆலயக் கமிட்டி


சாம்பியன் ரீப்ஸ்
2.9.2024

தம்பி ஹரோல்டுக்கு,

உன் பதில் வந்தது. ஐந்து வரி. கிளாட்வினிடம் ஒன்றும் சொல்லவில்லை என்கிறாய். வரவேண்டாம் என்றால் வரமாட்டேன் என்கிறாய். ஜெபிக்கிறேன் என்கிறாய், எழுதினால் தப்பலாம் என்று நினைத்தேன், தப்பவில்லை. நடுவில் ஒரு வரி: "நைனா அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னார் என்று ஏன் நினைக்கிறாய்?" இதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாள் யோசித்தேன். வேறு யாரிடம் சொல்லியிருப்பார்? நான் பள்ளிக்கூடம் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் பக்கத்தில் இருந்தவன் நான்.

நீ சொல்வதை நம்பி விட்டுவிடலாம் என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை. படித்த சீட்டுகளைப் போதகர் ஓர் உறையில் போட்டுக் கோயில் அலமாரியில் வைக்கிறார். அலமாரிச் சாவியில் ஒன்று என்னிடம். போன செவ்வாய்க்கிழமை கமிட்டி நோட்டை எடுப்பதுபோல் போய் உறையைப் பிரித்தேன். முப்பது வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவன். எழுத்தைப் பார்த்தால் ஆளைச் சொல்வேன்.

அந்தச் சீட்டு பியூலாவின் கையெழுத்து.

'ள'வுக்குக் கீழே வால் இழுப்பதும், புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போடுவதும் வேறு யாருக்கும் கிடையாது. இருபத்தாறு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற எழுத்து. என் எழுத்துத் தெரியாமலிருக்க நான் இடது கையை உபயோகித்தேன். அவள் அந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் அலமாரியைத் திறப்பேன் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.

நைனா சொன்னதை நான் அவளிடம் சொன்னதில்லை. அப்படியானால் நீ சொல்லியிருக்கிறாய். என் எண்ணில் அழைக்க முடியாத நீ அவள் எண்ணில் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். இல்லை என்று இன்னொரு ஐந்து வரி எழுதாதே.

இன்னும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். கவனிக்கிறேன். கவனித்ததில் வேறு சில விஷயங்கள் தெரிகின்றன. நாலு மணிக்கு நான் பள்ளியிலிருந்து வரும்போது பல நாள் அவள் வீட்டில் இருப்பதில்லை. ஐந்தேகாலுக்கு வருகிறாள். கையில் பிளாஸ்க்கும் தூக்குப் பாத்திரமும். எங்கே போனாய் என்றால், சும்மா இந்தப் பக்கம்தான் என்கிறாள். என் மேஜையில் இருந்த கோடுபோட்ட தாள்கள் குறைகின்றன. போன வாரம் பேனா ஒன்றையும் காணோம். போதகர் என்னைப் பார்த்தால் முன்பு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்போது நின்று, வீட்டில் எல்லாரும் சுகமா சார் என்கிறார். அதில் 'எல்லாரும்' என்பதைக் கொஞ்சம் அழுத்துகிறார்.

அவர் இன்னொன்றும் கேட்கிறார். ஹரோல்டு ஐயாவிடமிருந்து பதில் வந்ததா? ஞாயிறு கேட்டார், புதன் கேட்டார், நேற்று இரண்டு தடவை கேட்டார். அந்தமான் தபால், மெதுவாகத்தான் வரும் என்று சொல்லிவைத்தேன். போனில் கேட்கட்டுமா என்றார். கமிட்டி எழுத்தில் அழைத்தால் எழுத்தில்தான் பதில் வரவேண்டும், அதுதான் முறை என்றேன். உங்கள் அழைப்புக்கு மேல் நான் போகமாட்டேன் சார் என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு பண்டிகைப் பிரசங்கத்துக்கு இவ்வளவு அவசரம் எதற்கு? பிரசங்கிகளுக்கா இந்த ஊரில் பஞ்சம்? நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து பண்டிகை நாளில் எனக்கு ஏதோ வைத்திருக்கிறீர்கள். கோயில் நிறைய ஜனத்துக்கு முன்னால் நீ மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடிப்பாய். ஜனம் அல்லேலூயா சொல்லும். அதுதானே?

அவளைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்க முடிவு செய்திருக்கிறேன். எங்கே போகிறாள், யாரிடம் போகிறாள் என்று தெரிந்தபிறகு கமிட்டியை விட்டு விலகுவதா, கோயிலையே விட்டு விலகுவதா என்று எழுதுகிறேன்.

பாலகாட் பக்கம் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. நம் குடியிருப்பு லைனில் பரவாயில்லை. நைனா நட்ட முருங்கை போன வாரக் காற்றில் முறிந்துவிட்டது. சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

பர்னபாஸ்


சாம்பியன் ரீப்ஸ்
18.9.2024

அன்புள்ள ஹரோல்டு,

இதோடு கமிட்டியின் அழைப்புக் கடிதத்தை வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் பன்னிரண்டு என்று தேதி போட்டு எழுதிவைத்தது அது. தேதியை மாற்றவில்லை. எத்தனை நாள் பிடித்து வைத்திருந்தேன் என்று நீ பார்க்கவேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டேன். மூன்று மணிக்குப் பியூலா பிளாஸ்க்கோடு கிளம்பினாள். ஐம்பத்துநாலு வயதில், குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மனைவியின் பின்னால் அறுபது அடி தள்ளிப் போனேன். ஸ்கூல் பிள்ளைகள் இருவர் எதிரில் வந்து, "குட் ஆப்டர்நூன் சார், மழை வரலியே சார்" என்றார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாலகாட் லைனில், கடைசிக்கு முந்தின வீட்டுக்குள் போனாள். அது ஏசுபாதம் மாமா வீடு.

சன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவர் கட்டிலில் மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்திருந்தார். நைனா உட்கார்ந்த அதே மாதிரி. உன்னால் நினைத்துப் பார்க்க முடியும். பியூலா முழங்காலில் அட்டை வைத்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள். என் கோடுபோட்ட தாள். என் பேனா. மாமாவுக்குக் கைநாட்டுத் தவிர எழுத்துத் தெரியாது என்பதை இவ்வளவு நாள் நான் எப்படி யோசிக்காமல் போனேன்? பெட்டிக்கு ஓட்டை போட்டவருக்கும் கேள்வி இருக்கும், எழுத ஒரு கை வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். "வா வாத்தியாரே" என்றார். "இன்னா, பொண்டாட்டிய வேவு பாக்க வந்தியா? வெளிய இன்னாத்துக்கு நின்னுகினு கீற? உனக்கு மூச்சு மிச்சமா கீதுன்னா உள்ள வந்து எனக்கும் கொஞ்சம் குடு." இவ்வளவையும் ஒரே வீச்சில் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரிக்க, சிரிப்பு இருமலாகி, பியூலா முதுகைத் தடவிக்கொடுத்தாள். என் பக்கம் பார்க்காமலே, "கேக்கறதுக்கு வாய் இருக்குதே. எத்தினி நாளா மோப்பம் புடிக்கிறீங்க? தலையாணிய மோந்து பாக்கறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

எங்கே போகிறாய் என்று கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால், அவருக்கும் உனக்கும் என்ன பேச்சு, என்ன எழுதுகிறாய், யார் சொல்லி எழுதுகிறாய் என்று கோர்ட்டு விசாரணை நடத்துவீர்கள், அதற்குள் மனுஷன் போய்விடுவார் என்றாள்.

நைனாவின் கேள்வியைத் திருடிப் பெட்டியில் போட்டீர்களா என்று மாமாவிடமே கேட்டேன். இப்படியா கேட்பது என்று நீ நினைப்பாய். அப்படித்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. நைனா அவருக்கு இன்னும் மேஸ்திரிதான். "மேஸ்திரி கேள்வியா? யார் சொன்னது? அது எங்க மொத்த கேங்கோட கேள்விய்யா" என்றார். கீழே சுரங்க லெவலில் காற்று வராத நாட்களில், துளைபோடும் தூசுக்கு நடுவில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதாம். அப்போது கேலியாகக் கேட்டார்களாம். கேஜ் கூண்டில் ஏறி மேலே வந்ததும் மறந்துவிடுவார்களாம். வருஷங்கள் கழித்து ஒவ்வொருவராகக் கட்டிலில் உட்கார்ந்தபோது, கேலி போய்க் கேள்வி மட்டும் நின்றதாம். பன்னிரண்டு பேர் கேங்கில் மாமாதான் மிச்சம். நான் பள்ளிக்கூடம் போன பகலெல்லாம் அவர்தான் நைனாவோடு இருந்தார். அவர்கள் பேசிக்கொண்டதில் ஒரு வரி என் காதில் விழுந்தது. அதை எனக்கு மட்டும் கொடுத்த சொத்து என்று பதினோரு வருஷம் பூட்டி வைத்திருந்தேன்.

அப்புறம் அந்தக் கடைசி நாளைப் பற்றிச் சொன்னார். உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அன்று எனக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு மேற்பார்வை. பியூலா மருந்து வாங்க ராபர்ட்சன்பேட்டை போயிருந்தாள். நீயும் மாமாவும்தான் இருந்தீர்கள். நைனாவுக்குப் பேச மூச்சில்லை. உன் கையைப் பிடித்து, "அந்தக் கேள்விய நீ கேளுடா. எனக்கு முடியல. நீ கேளு, நான் கூட ஸ்தோத்திரம் சொல்றேன்" என்றாராம். நீ முழங்கால் போட்டு, சத்தமாக, அவர் பேச்சிலேயே கேட்டாயாம். ஒரே வாட்டியா வாங்கிக்க வேண்டியதுதானே, இன்னாத்துக்குத் துளித்துளியா பிடுங்குற? நீ ஒவ்வொரு தடவை கேட்டு நிறுத்தியபோதும் அவர் ஸ்தோத்திரம் என்றாராம். பிறகு உதடு மட்டும் அசைந்ததாம். "உங்க தம்பி அளுதுகினே கேட்டான் வாத்தியாரே. பிரசங்கம் பண்ற ஐயருங்க பேசற மாதிரி கேக்கல. சண்ட போட்டான்" என்றார் மாமா.

கேள்வியும் ஸ்தோத்திரமும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன. நான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பொய் என்றேன். நீ மேடையில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டாய். ஏன் விட்டாய் என்று மறுபடியும் சந்தேகப்பட்டேன். என் புத்தி அது. வீட்டுக்கு வரும் வழியில் விளங்கியது. அந்தக் கேள்வியைச் சொன்னால் யார் கேட்டது, யார் பக்கத்தில் இருந்தது என்றும் சொல்லவேண்டியிருக்கும். யார் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

ஹரோல்டு, நான் இதுவரை யாருக்கும் எழுதாததை எழுதுகிறேன். நான் உள்ளே வந்தபோது மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம். எல்லாம் முடிந்திருந்தது. நீ வெளியே போன் பேசப் போனாய். மாமா தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் கட்டிலில் ஏறி அவர் தலையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இன்னும் சூடு இருந்தது. அக்கம்பக்கத்தார் ஓடிவந்தபோது அப்படித்தான் பார்த்தார்கள். கொடுத்துவைத்தவன், உன் மடியிலேயே போய்ட்டாரே என்று ஒரு கிழவி சொன்னாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. வாசலில் நீ நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். மறுநாள் மேடையில் ஏறி அதையே சொன்னாய். அந்தப் பிரசங்கத்தில் பொய் ஒன்றுதான். அது எனக்காகச் சொன்னது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் உன்னைக் குற்றம் சாட்டினேன். முதல் கடிதத்தில் அதை நான் மறுக்கவில்லை என்று எழுதியதைப் படித்தபோது நீ என்ன நினைத்திருப்பாய்? அதற்கும் ஐந்து வரியில் ஜெபிக்கிறேன் என்று எழுதினாய்.

இன்னும் எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்தில் ஒருதரமாவது, நீ இல்லையே அண்ணா, நான்தானே இருந்தேன் என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்தது அன்பா, என்னைவிட நல்லவனாக இருக்கிற பெருமையா என்று ராத்திரி புரளும்போது தோன்றத்தான் செய்கிறது. தோன்றட்டும். அதை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது அவசரமான விஷயம். உன்னைப் பண்டிகைக்கு அழைக்கச் சொன்னது போதகர் இல்லை, மாமா. பெட்டிச் சீட்டு படிக்கப்பட்ட அன்று மாலையே அவர் பியூலாவை விட்டுப் போதகரைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து போதகர் தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருகிறார். சொன்னபடியே பதில் ஒன்றும் சொல்வதில்லையாம். கால் பிடித்துவிடுகிறாராம். வித்தை என்று எழுதினேன் அல்லவா, அதை அடித்துவிடு. மாமா அவரிடம் கேட்டது ஒன்றுதான். "மேஸ்திரிக்கு ஹரோல்டு தம்பி கேட்ட மாதிரி எனக்கும் ஒரு வாட்டி கேக்கணும். வரச் சொல்லுங்க. நான் கூட ஸ்தோத்திரம் சொல்லணும், அதுக்குக் கொஞ்சம் மூச்ச எடுத்து வச்சிகினு கீறேன்." உன்னை வரவழைக்கத்தான் பண்டிகை அழைப்பு. பெயர் போடாத சீட்டின் ஆளைக் காட்டக்கூடாது என்று போதகர் காரணத்தை என்னிடம் சொல்லவில்லை. அழைப்பு என் மேஜை டிராயரில் முப்பத்தேழு நாள் கிடந்தது. அவர் தினமும் பியூலாவிடம், அந்தமான்ல இருந்து லெட்டர் வந்துச்சாம்மா என்று கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை என்னிடமும் கேட்டார். தபால் மெதுவாக வரும் என்று நான் போதகரிடம் சொன்ன அதே வார்த்தை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நான் அனுப்பவேயில்லை மாமா என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சரி, இன்னைக்கு அனுப்பு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கும் நான் அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தை எழுத ஆறு நாள் ஆயிற்று.

உன் எண்ணுக்கு இருந்த தடுப்பை எடுத்துவிட்டேன். இரண்டு முறை அழுத்தினேன். மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். நேற்றுப் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இன்றே உன்னோடு போனில் பேசுவார். ஆகவே இந்தக் கடிதம் வந்து சேருமுன் நீ கிளம்பியிருக்கவேண்டும். கிளம்பியிருந்தால் இதை நீ திரும்பிப் போன பிறகுதான் படிப்பாய். அதுவும் ஒருவிதத்தில் எனக்குச் சௌகரியம்தான். கிளம்பாமல் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அண்ணன் சொன்னதற்காக வராமல் இருக்காதே. அண்ணன் சொன்னதை நீ கேட்டது போதும்.

பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் பெயர் எழுதுவார்கள். மாமாவின் பெயரைப் பியூலா கொடுப்பாள்; வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுபோவார்கள். என் பெயரை நானேதான் கொடுக்கவேண்டும். போதகர் அந்தக் கேள்வியைக் கேட்பார். யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்களா? பதினோரு வருஷமாக அந்தப் படி ஏறாதவன் நான். நீ என் பக்கத்தில் நில். ஒன்றும் பேசவேண்டாம், ஜெபிக்கவும் வேண்டாம். பதிலை நான் சொல்லிக்கொள்கிறேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மாமாவுக்கு அதுவரை மூச்சு இருக்கட்டும்.

உன் அண்ணன்
பர்னபாஸ்